உறைபனிக் காலையில் ஃபிலிமும் டிஜிட்டலும்: வாசகர் கேள்வி பதில்

மார்கழி பிறந்ததும் நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பனியைப் பற்றியவையாகவே இருக்கும். இந்த இதழுக்கு அவற்றிலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவற்றுக்கும் அதுவே அடிப்படை என்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கட்டபெட்டிலிருந்து ஒரு வாசகி: "ஐயா, சென்ற தை மாதம் தலைகுந்தாவில் உறைபனியைப் படம் எடுத்தோம். என் கணவரின் பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவில் ஒரு கலர் ஃபிலிம், என்னுடைய டிஜிட்டல் கேமராவில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஃபிலிமில் பனி சாம்பல் பூசியதுபோல் வந்திருக்கிறது. டிஜிட்டலில் விடியலுக்கு முன் எடுத்தவை சாம்பலாகவும், வெயில் வந்தபின் எடுத்தவை பனி இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளைத் தாளாகவும் இருக்கின்றன. தவறு கேமராவிலா, எங்களிடமா?"

கேமராவில் பழுது எதுவும் இல்லை, அம்மா. லைட் மீட்டருக்கு முன்னால் இருப்பது பனியா, கரியா என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அது ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொண்டு அளவு சொல்லும். மைதானம் முழுவதும் வெள்ளையாக இருக்கும்போது அதன் சொல்லை அப்படியே கேட்டால், வெள்ளையைச் சாம்பலாக்குவதற்குத் தேவையான அளவு ஒளியை மட்டுமே உள்ளே விடுவோம். ஆகவே வெயில் படாத உறைபனிக்கு, மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரு மடங்காக்குவது) கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கே1000 கேமராவில் மீட்டர் ஊசி நடுவுக்கு வந்த பிறகு, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் திறந்துவிட்டு, அதற்குப்பின் ஊசி எங்கே போனாலும் கவலைப்படாமல் எடுங்கள். இன்னும் நம்பகமான வழி ஒன்று உண்டு. பனி படியாத பச்சைப் புல் அதே நிழலில் எங்காவது கிடைக்கும். குனிந்து அதன்மீது கேமராவை வைத்து அளந்து, அந்த அளவை மாற்றாமல் பனியைப் படம் எடுத்தால் வெண்மை தன் இடத்தில் வந்து நிற்கும்.

இதுவரை சொன்னது இரண்டு கேமராக்களுக்கும் பொது. வெயில் வந்தபின் வழிகள் பிரிகின்றன. டிஜிட்டல் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் போன்றது. நிரம்பும் வரை ஒளியை ஒழுங்காகக் கணக்கிடும், நிரம்பிய பின் வழிந்ததற்குக் கணக்கே இராது, வீட்டுக்கு வந்து கணினியில் எவ்வளவு இறக்கினாலும் அது திரும்பி வராது. நெகட்டிவ் ஃபிலிம் அப்படி ஒரேயடியாக நிரம்பிவிடுவதில்லை. ஒளி கூடக்கூட அதன் அடர்த்தி மெல்ல மெல்லத்தான் ஏறும். இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்த கலர் நெகட்டிவிலிருந்துகூட நல்ல பிரிண்ட் போட முடியும், ஆனால் ஒளி குறைந்த நெகட்டிவில் நிழல் பகுதி எதுவும் பதியாத வெறும் ஃபிலிமாகத்தான் இருக்கும். ஆகவே ஃபிலிமில் நிழலை அளந்து எடுங்கள், டிஜிட்டலில் வெண்மையைக் காத்து எடுங்கள். சூரியன் உதித்துப் பனி மின்னத் தொடங்கியதும், ஒரு மணி நேரத்துக்கு முன் டிஜிட்டல் கேமராவில் ஏற்றிவைத்த அந்த ஒரு ஸ்டாப்பை இறக்கிவிட வேண்டும். நீங்கள் விடியலுக்கு முன் வைத்த அளவையே வெயிலிலும் மாற்றாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், வெள்ளைத் தாள் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும். இருட்டில் கேமராவின் திரை எல்லாப் படத்தையும் பிரகாசமாகவே காட்டும் என்பதால் திரையை நம்பாமல், இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். அதன் வலது ஓரம் சுவரில் மோதாமல், மோதும் தூரத்தில் நிற்க வேண்டும்.

ஃபிலிம் சாம்பலானதற்கு ஸ்டுடியோவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிரிண்ட் போடும் இயந்திரமும் லைட் மீட்டரைப் போலவே சராசரி பார்த்து, சரியான நெகட்டிவிலிருந்தும் சாம்பல் பனியை எடுத்துக் கொடுத்துவிடும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பனி இருந்த இடம் நன்கு கறுத்திருந்தால் உங்கள் கணவரின் படங்கள் பிழைத்திருக்கின்றன, பனி வெள்ளையாக வேண்டும் என்று சொல்லி மீண்டும் பிரிண்ட் கேளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறைபனி மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் விழும். மேகம் இருந்தால் அது போர்வைபோல் மண்ணின் சூட்டை வெளியேறவிடாது. முதல் நாள் இரவு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். நட்சத்திரங்கள் நிறைந்து, சில்வர் ஓக் இலைகூட அசையாமல் இருந்தால் அலாரம் வைக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் சரிவுகளில் வெறும் ஈரம் இருக்கும் காலையில் அதைவிடத் தாழ்வான தலைகுந்தாவும் காந்தலும் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். சனவரியில் உதகையில் காலை 6.45 மணியளவில் சூரியன் உதிக்கிறது. வெயில் பட்ட பனி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உருகிவிடும். ஆறு மணிக்கே இடத்தில் நின்று, முதலில் எங்கே கால் வைக்கக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். ஒரு தடம் விழுந்தால் அந்தக் காலைக்கு அது அழியாது.

பனி விழுந்த தேயிலைக் கொழுந்தை அருகில் பார்த்தால், இலையின் ரம்பப் பல் விளிம்பில் உப்புக்கல் போல வரிசையாகப் பளிங்குகள் நிற்கும், நடுநரம்பின் பள்ளத்தில் மட்டும் பச்சை தெரியும். இரண்டு நாள் கழித்து அதே செடிக்குப் போனால் இலை தீயில் வாட்டியதுபோல் கருகியிருக்கும். அந்தக் கருகலையும் எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நமக்கு அழகாகத் தெரியும் பனி சிறு தேயிலை விவசாயிக்கு எப்படித் தெரிகிறது என்பது அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

குன்னூரிலிருந்து ஒரு வாசகர்: "கருப்பு வெள்ளை ஃபிலிமில் சிவப்பு ஃபில்டர் போட்டால் மூடுபனி விலகித் தெரியும் என்கிறார்கள். உண்மையா?"

விலகாது. பிற்பகலில் மலையிலிருந்து சமவெளியைப் பார்க்கும்போது தெரியும் நீலப் புகை மூட்டம் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது. அதைச் சிவப்பு ஃபில்டர் நன்றாகவே வெட்டும். மூடுபனியின் நீர்த்துளி பெரியது, எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிக்கும், ஆதலால் எந்த ஃபில்டருக்கும் அது கட்டுப்படாது. தேயிலைத் தோட்டத்தில் சிவப்பு ஃபில்டர் போட்டால் பச்சை முழுவதும் கறுத்துப்போகும், மஞ்சள்-பச்சை ஃபில்டரைப் பயன்படுத்துங்கள்.

பழனி மலையில் மன்னவனூரிலிருந்து ஒரு வாசகர்: "அதிகாலையில் டிஜிட்டல் கேமராவின் பேட்டரி முப்பது படத்திலேயே இறங்கிவிடுகிறது. வீட்டுக்குள் வந்தால் லென்ஸ் முழுவதும் ஆவி படிகிறது. ஃபிலிம் கேமராவுக்கும் இந்தத் தொல்லை உண்டா?"

பேட்டரி செத்துப்போகவில்லை, குளிரில் விறைத்திருக்கிறது. லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாவதால், உள்ளே மின்சாரம் இருந்தும் வெளியே வர மறுக்கிறது. இரண்டு பேட்டரிகளை வைத்துக்கொண்டு, ஒன்று கேமராவில் இருக்கும்போது மற்றதை ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள். இறங்கியதாகக் காட்டும் பேட்டரி பத்து நிமிடச் சூட்டில் மீண்டும் சில படங்களுக்கு உயிர் கொடுக்கும். கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்ற கேமராக்களில் ஷட்டர் வெறும் ஸ்பிரிங்கால் இயங்குகிறது, பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டுமே என்பதால் அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம்.

ஆவி படிவது இரண்டுக்கும் பொது, ஃபிலிம் கேமராவுக்கு அதனால் வரும் இழப்பு அதிகம். பல ஆண்டுகளுக்கு முன் தலைகுந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, விறகடுப்பு எரிந்துகொண்டிருந்த ஒரு டீக்கடைக்குள் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே நுழைந்தேன். கொதிக்கும் பாலின் ஆவி நிறைந்த அறை அது. லென்ஸ் ஒரே நொடியில் வெளுத்தது. அதைத் துடைத்துவிட்டு, ஃபிலிம் மாற்றப் பின்கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்த கறுப்புத் தகட்டிலும் ஈரம் பூத்தது. அந்த ஈரத்தின்மேல் புதிய சுருளைப் போட்டு மூடியதன் விளைவாக முதல் ஏழு படங்களில் நீர்த்துளியின் வட்டங்கள் நிரந்தரமாகப் பதிந்துவிட்டன. அன்றிலிருந்து, குளிரில் இருக்கும்போதே கேமராவை இறுக மூடும் பைக்குள்ளோ டப்பாவுக்குள்ளோ வைத்து, காற்றை வெளியேற்றி மூடிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். ஈரம் அப்போது பையின் வெளிப்புறத்தில் படியும். ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது. காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு வரை இறங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது என்பதால் பல ஆண்டு உழைக்கும் தடித்த பையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உதகையிலிருந்து ஒரு வாசகர்: "என் அப்பா இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியில் 120 அளவு 'இந்து' கருப்பு வெள்ளை ஃபிலிம் இரண்டு பிரிக்காமல் இருக்கின்றன. 1994-இல் காலாவதியானவை. இந்தப் பனிக்காலத்தில் அவற்றில் எடுக்கலாமா?"

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் அப்பா வேலை பார்த்த அந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த மலையின் தூசியற்ற குளிர்ந்த காற்றே அந்தத் தொழில் இங்கு வந்ததற்கு ஒரு காரணம். இங்கே பூசப்பட்ட ஃபிலிமில் இங்கே விழும் பனியை எடுப்பது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எடுக்கலாம். ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், பத்து ஆண்டுக்கு ஒரு ஸ்டாப் குறைந்திருக்கும் என்று கொள்வது நடைமுறைக் கணக்கு. பெட்டியில் வேகம் 100 என்று அச்சிட்டிருந்தால் 50, 25, 12 என மூன்று படி இறக்கி 12 என்று வைத்து அளந்து எடுங்கள். அந்த வேகத்தில் முக்காலி இல்லாமல் முடியாது. பழைய ஃபிலிமில் மூட்டம் ஏறியிருக்கும், 120 சுருளோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்தின் எண்கள் படத்தில் பதிந்திருக்கவும் கூடும். ஆகவே முதல் சுருளைச் சோதனைக்கு என்று வீட்டு வாசலிலேயே எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பனியை அதே நேரத்தில் டிஜிட்டலிலும் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் கழுவுவதானால், சென்னையில் ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரை 20 டிகிரிக்குக் குளிர்விக்கப் பாடுபடுவதைப் போல உதகையில் அதைச் சூடேற்றப் பாடுபட வேண்டும். தை மாதக் குழாய்த் தண்ணீரில் டெவலப்பர் கலந்தால் அதிலுள்ள ஹைட்ரோகுயினோன் ஏறக்குறைய உறங்கிவிடும், நெகட்டிவ் மெலிந்து போகும். ஒரு பெரிய வாளியில் 20 டிகிரிக்குச் சற்று மேலான வெந்நீரை வைத்து, டேங்க், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் பாட்டில், கழுவும் தண்ணீர் மூன்றையும் அதற்குள் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பட்டிவீரன்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: "வெளிநாட்டுப் படங்களில் குளிர்காலத் திராட்சைத் தோட்டங்கள் இலையுதிர்ந்து, வரிசை வரிசையாகப் பனியில் நிற்கின்றன. அப்படி ஒரு படத்தை நம் மலையடிவாரத்தில் எடுக்க முடியுமா?"

அப்படியே எடுக்க முடியாது. குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையை உதிர்த்து உறங்குகிறது, அதை வேலி போன்ற கம்பிகளில் நிமிர்த்திக் கட்டுகிறார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் கொடி உறங்குவதில்லை. கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்த பந்தலில் படர்கிறது. உறைபனியும் அங்கே கிடையாது. ஆனால் இலையில்லாத கொடி வேண்டுமென்றால் அதற்கு வழி இருக்கிறது: கவாத்து. கோடை விளைச்சலுக்காக மார்கழி, தை மாதங்களில் கவாத்து செய்யும் தோட்டங்கள் உண்டு. ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் வெட்டுவதால், ஒரே சாலையில் மொட்டைப் பந்தலும், துளிர்த்த பந்தலும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கும் பந்தலும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம். எனக்கு அந்த வேற்றுமைதான் வெளிநாட்டுப் படத்தைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

மொட்டைப் பந்தலை அதிகாலையில், மலை பின்னால் மங்கலாகத் தெரியும்போது எடுங்கள். முறுக்கிய கொடிகளும் கல்தூண்களும் கறுப்புக் கோடுகளாக வரும், அதற்கு டிஜிட்டல் போதும். இலை அடர்ந்த பந்தலுக்குக் கீழே ஃபிலிமே நல்லது. மேலே இலையிடுக்கில் வானம் கொளுத்தும், கீழே நிழல் இருண்டிருக்கும். நிழலை அளந்து நெகட்டிவில் எடுத்தால் இரண்டும் தாங்கும்.

கவாத்து முடிந்த சில நாட்களில் போக முடிந்தால், வெட்டிய முனைகளை அருகில் போய்ப் பாருங்கள். வேர் அனுப்பும் நீர் அங்கே ஒவ்வொரு துளியாகத் திரண்டு, கீழே விழுவதற்கு முன் சற்று நேரம் தொங்கி நிற்கும். சூரியன் எதிரில் இருக்குமாறு மண்டியிட்டு, அபெர்ச்சரை எஃப்8 அளவில் வைத்து எடுத்தால் துளிக்குள் பந்தல் முழுவதும் தலைகீழாகத் தெரியும். திராட்சைக்கு மருந்து அடிக்கடி அடிப்பார்கள். எந்த நாளில் அடித்தார்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே பந்தலுக்குள் போங்கள்.