கேஸ் சேஃப் அட்டை வந்தாச்சு, அனுபவம் எங்கே கிடைக்கும்?

பிரிட்டனில் எரிவாயு வேலைக்கான ஏ.சி.எஸ். தகுதித் தேர்வு முடித்து, அந்த வேலையைச் சட்டப்படி செய்யத் தேவையான கேஸ் சேஃப் பதிவும் வாங்கிவிட்டேன், போகிற இடமெல்லாம் முன்னனுபவம் கேட்கிறார்கள் என்கிறீர்கள்.

எடுத்த எடுப்பில் தனியாகத் தொழில் தொடங்க வேண்டாம் என்பேன். ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் லாப நோக்கற்ற அமைப்பு) வீடுகளின் பாய்லர் (வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் கருவி) பராமரிப்பை ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்களைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள்படி வாடகை வீடுகளுக்கு ஆண்டுதோறும் சோதனை கட்டாயம். எனவே அங்கே வேலை ஓயாது. அலுப்புத் தட்டும்தான். ஆனால் விதவிதமான பாய்லர்களில் புகைக்குழாய், காற்றோட்டம், வாயு அழுத்தம், பாதுகாப்புக் கருவிகள் என்று மறுபடி மறுபடி பார்த்தால்தான் கண் பழகும். குளிர்காலத்தில் பழுது அழைப்புகள் குவியும்போது மூத்தவர் ஒருவருடன் போக அனுமதி கேளுங்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும் வித்தை பயிற்சி மையத்தில் முழுசாக வராது.

வுஸ்டர் பாஷ், வேலண்ட் போன்ற பாய்லர் தயாரிப்பாளர்கள் நடத்தும் வகுப்புகளையும் விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: அட்டையின் பின்புறம் எந்தெந்த வேலை போட்டிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். அதில் 'குக்கர்', அதாவது எரிவாயு அடுப்பு, இல்லையென்றால் அடுப்பைத் தொடாதீர்கள், வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.