கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: எந்தப் பதிப்பை வாங்குவது?

ராக்கெட்டுகளைக் கட்டி விண்ணில் செலுத்தும் விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் வாங்கலாம் என்று கடைப் பக்கத்தைத் திறந்தால் முதல் பாகம், அதற்கான இரண்டு விரிவாக்கத் தொகுப்புகள், மூன்றும் சேர்ந்த முழுத் தொகுப்பு, இரண்டாம் பாகம் என்று பல பெயர்கள் வரிசையாக நிற்கின்றன, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் ஒரு கன்சோலும் நடுத்தரத் திறனுள்ள ஒரு மடிக்கணினியும் இருப்பதாகவும், இத்தகைய விளையாட்டை இதற்கு முன் ஆடியதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாகத்தை, கணினிக்கான பதிப்பாக, எந்த விரிவாக்கமும் சேர்க்காமல் வாங்குங்கள் என்பதே என் பதில். விரிவாக்கங்களை எப்போது வாங்கலாம் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. அதையும் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் பாகத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனெனில் புதிதாக வருபவர்கள் தவறாகக் கை வைக்கும் இடம் அதுதான். இரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் அது ஒன்றைவிட முழுமையானதாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அந்த விளையாட்டு பலமுறை தள்ளிப்போய், 2023 பிப்ரவரி 24 அன்று ஏர்லி ஆக்சஸ் முறையில், அதாவது பணி முடியாத நிலையிலேயே, விற்பனைக்கு வந்தது. பிற கோள்களில் குடியிருப்புகள் அமைப்பது, வேறு விண்மீன்களுக்குப் பயணம் செய்வது, பலர் ஒன்றாகச் சேர்ந்து ஆடுவது ஆகியவை ஒவ்வொன்றாகப் பின்னர் வரும் என்று சொல்லப்பட்டது. 2023 டிசம்பரில் வந்த பெரிய புதுப்பிப்பு அறிவியல் ஆய்வுப் பயணங்களையும், வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது எழும் வெப்பத்தையும் சேர்த்தது. அதன் பிறகு 2024-இல் அதை உருவாக்கிய ஸ்டுடியோவில் ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது; அந்த ஆண்டு ஜூனில் வந்ததுதான் கடைசிப் புதுப்பிப்பு. குடியிருப்புகளும், விண்மீன் பயணமும், கூட்டாக ஆடும் வசதியும் வரவே இல்லை. நண்பர் ஒருவரின் கணினியில் நான் அதை ஆடியிருக்கிறேன். அதன் இசையும், சுற்றுப்பாதையைப் பற்றி விளக்கும் சிறிய அசைபடங்களும் முதல் பாகத்தில் உள்ளவற்றைவிடச் சிறந்தவை என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாதியில் நின்றுபோன ஒன்றை, அதுவும் வெளியானபோது குறைந்தபட்சத் தேவையாகவே ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் கார்டைக் கேட்ட ஒன்றை, நடுத்தர மடிக்கணினி வைத்திருப்பவருக்குப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

முதல் பாகம் முடிக்கப்பட்ட விளையாட்டு. 2011 ஜூனில் முதல் பொது வெளியீடு, 2015 ஏப்ரலில் 1.0 பதிப்பு, 2021-இல் 1.12 என்று பத்து ஆண்டுகள் அதன் மேல் வேலை நடந்திருக்கிறது. இந்தக் காலத்தில் விலையில்லாமல் சேர்க்கப்பட்டவை ஏராளம். கலத்தில் எவ்வளவு டெல்டா-வி, அதாவது எவ்வளவு திசைவேக மாற்றத்துக்கான எரிபொருள், மீதமிருக்கிறது என்று காட்டும் கணக்கு 2018 இறுதியில் வந்தது. விண்வெளி வீரர் வெளியே இறங்கிக் கலத்தின் உறுப்புகளைக் கழற்றி மாட்டும் வசதி 2020 இறுதியில் வந்தது. பயணத் திட்டமிடும் கருவியும் நினைவூட்டும் கடிகாரமும் 1.12-இல் வந்தன. ஆகவே, விரிவாக்கம் இல்லாத விளையாட்டை வாங்கினால் குறையுள்ள ஒன்றை வாங்கியதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

அந்த அடிப்படை விளையாட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் பரிந்துரைக்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. நாம் ராக்கெட் ஏவும் கெர்பின் என்ற கற்பனைக் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்; பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. வளிமண்டலம் 70 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. 80 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்க நொடிக்கு ஏறத்தாழ 2,280 மீட்டர் வேகம் போதும். பூமிக்கு அருகே சுற்ற நொடிக்கு 7,800 மீட்டர் வரை வேண்டும். தரையிலிருந்து புறப்பட்டு அந்தச் சுற்றுப்பாதையை அடைய மொத்தம் நொடிக்கு 3,400 மீட்டர் அளவுக்கு டெல்டா-வி செலவாகும். எண்களைச் சிறிதாக்கியிருக்கிறார்களே தவிர, விதிகள் உண்மையானவையே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு பெரிய எளிமைப்படுத்தல். ஆனால் புதியவருக்கு அதுவே வசதி.

கெர்பினின் நிலவான ‘முன்’ (Mun) மீது தரையிறங்குவதைப் பாருங்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருந்துகொண்டு, அடிவானத்தில் அந்த நிலவு எழும் நேரத்தில் சென்றுகொண்டிருக்கும் திசையிலேயே எஞ்சினை இயக்கி நொடிக்கு 860 மீட்டர் அளவுக்கு வேகத்தைக் கூட்டினால், பாதை நீண்டு முன்னைத் தொட்டுவிடும். அங்கே காற்று கிடையாது. எனவே பாராசூட்டால் பயனில்லை, எஞ்சினைக் கொண்டேதான் நிற்க வேண்டும். நான் முதன்முதலில் இறங்கியபோது, கீழ்நோக்கிய வேகத்தை நொடிக்கு நான்கு மீட்டருக்குக் குறைத்துவிட்டு, இனி கவலையில்லை என்று நினைத்தேன். பக்கவாட்டு வேகம் ஆறு மீட்டருக்கு மேல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கால்கள் தரையைத் தொட்டன. உயரமும் ஒடுக்கமுமாக இருந்த கலம் மெதுவாகச் சாய்ந்து, சரிவில் உருண்டு, எஞ்சின் ஒரு பக்கமும் வீரர் அமர்ந்த கூண்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்தது.

அன்று மாலை முழுவதும் திரையின் கீழே இருக்கும் நாவ்பால் என்ற உருண்டையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதன் மேல் காட்டப்படும் வேகம் சுற்றுப்பாதை வேகமா, தரையைப் பொறுத்த வேகமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இறங்கும்போது தரையைப் பொறுத்ததாக மாற்றிக்கொள்ளாவிட்டால் குறிகள் வேறு இடத்தைக் காட்டும். ரெட்ரோகிரேட் குறி, அதாவது நாம் செல்லும் திசைக்கு நேரெதிரான குறி, உருண்டையின் நீலப் பாதியின் உச்சியில் சரியாக வந்து நின்றால் பக்கவாட்டு வேகம் ஒழிந்துவிட்டது என்று பொருள். கலத்தின் மூக்கை அந்தக் குறியின் மேல் வைத்து விட்டு விட்டு எஞ்சினை இயக்கினால், குறி தானாகவே உச்சிக்கு நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். உயரமானியும் அப்படித்தான், அது இயல்பாகக் காட்டுவது கடல் மட்டக் கணக்கு, முன்னின் மலைகளோ அதற்கு மேல் ஆயிரக்கணக்கான மீட்டர் உயர்ந்திருக்கும். தரையிலிருந்து உயரத்தைக் காட்டும்படி அதை மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் தெரிந்தது. கலத்தைக் குட்டையாக்கி, எரிபொருள் தொட்டிகளை இரு பக்கமும் வைத்து, கால்களை அகலப்படுத்தி, ஐந்தாவது முயற்சியில் நின்றேன். இதற்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் அடிப்படை விளையாட்டில் உள்ளவை.

அடுத்த படி, சுற்றுப்பாதையில் இரண்டு கலங்களை இணைப்பது. ஒரே பாதையில் சில கிலோமீட்டர் முன்னால் இன்னொரு கலம் செல்கிறது என்றால், அதை எட்டிப் பிடிக்க வேகத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் நம் பாதை உயர்ந்து, ஒரு சுற்று முடிக்க அதிக நேரமாகி, நாம் இன்னும் பின்தங்குவோம். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கினால்தான் முந்திச் சென்று சேர முடியும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் சென்ற அமெரிக்க விண்வெளி வீரர் மெக்டிவிட், தன் ராக்கெட்டிலிருந்து கழன்ற இரண்டாம் அடுக்கை நெருங்க முயன்று தோற்றது இதே காரணத்தால்தான். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. இலக்கை நோக்கி எஞ்சினை இயக்கியும் தூரம் கூடிக்கொண்டே போவதைத் திரையில் பார்ப்பது வேறு. அதைப் பார்த்த நாளிலிருந்து சுற்றுப்பாதை என்ற சொல்லே எனக்கு வேறு பொருள் தருகிறது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் தொடங்கியபோது முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் வாங்கினேன். எல்லா உறுப்புகளும் திறந்திருக்கும் சாண்ட்பாக்ஸ் முறையில் இறங்கினேன். கலம் கட்டும் கூடத்தில் கீல்கள், பிஸ்டன்கள், சுழலிகள் என்று பக்கம் பக்கமாக உறுப்புகள் குவிந்து கிடந்தன. முதல் இரண்டு வாரங்கள் ஓடுதளத்தின் அருகே கீல்களை மடக்கி நீட்டுவதிலேயே போயின. ஒரு கலமும் சுற்றுப்பாதையை அடையவில்லை. பிறகு, ஆய்வுகள் செய்து உறுப்புகளைப் படிப்படியாகத் திறக்கும் அறிவியல் முறைக்கு மாறி, கையில் நாலே உறுப்புகளுடன் புதிதாகத் தொடங்கியபோதுதான் விளையாட்டு எனக்குப் பிடிபட்டது. நீங்களும் அறிவியல் முறையிலேயே தொடங்குங்கள். பணமும் ஒப்பந்தங்களும் கொண்ட தொழில்முறை ஆட்டம், தோல்விகளுக்கு விலை கேட்பதால், முதல் மாதத்துக்கு ஏற்றதன்று.

விரிவாக்கங்கள் இரண்டில் பிரேக்கிங் கிரவுண்ட் எனக்கு மிகவும் பிடித்தது. 2019 மே மாதத்தில் வந்தது. இறங்கிய இடத்தில் ஆய்வுக் கருவிகளைப் பரப்பி வைத்துவிட்டு வரலாம். அவை நாம் போன பிறகும் தரவுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் பாறைகளும் பனி எரிமலைகளும் போன்ற அம்சங்கள் சிதறிக் கிடக்கும்; ஊர்தியின் எந்திரக் கையை நீட்டி அவற்றை ஆராயலாம். நான் முதலில் வீணாக மடக்கி நீட்டிய அதே கீல்களை, டூனா என்ற செந்நிறக் கோளுக்கு ஊர்தி அனுப்பியபோது மறுபடி எடுத்தேன். சக்கரங்களை மடித்து மூக்குக்கூம்புக்குள் அடக்கி, இறங்கிய பின் நான்கு சக்கரங்களும் ஒவ்வொன்றாக விரிந்து தரையில் ஊன்றியதைப் பார்த்தபோது, இந்தத் தொகுப்பு யாருக்கானது என்பது விளங்கியது. இறங்கியாயிற்று, இனி இங்கே என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்குத் தானாக எழ வேண்டும். நான் சொன்ன அடையாளம் அதுதான். எழுந்த அன்றே வாங்கிவிடலாம்.

2018 மார்ச்சில் வந்த மேக்கிங் ஹிஸ்டரி குறுகிய ஆர்வம் கொண்டவர்களுக்கானது. அமெரிக்க, சோவியத் விண்வெளிப் போட்டிக் காலத்து வடிவங்களை ஒத்த உறுப்புகளும், ஐந்து மீட்டர் விட்டமுள்ள தொட்டிகளும், பயணங்களை நாமே வடிவமைக்கும் கருவியும் அதில் உண்டு. சாட்டர்ன் 5 போன்ற ஒன்றைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அது இல்லாதது தெரியாது.

கன்சோலா கணினியா என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கட்டுவதற்கும் பயணப் பாதையைத் திட்டமிடுவதற்கும் சுட்டியும் விசைப்பலகையும் எவ்வளவோ எளிது. ஒரு சிறிய ஸ்ட்ரட்டை, அதாவது தாங்கு கம்பியை, இரண்டு தொட்டிகளுக்கு நடுவே சரியான புள்ளியில் பொருத்துவதைக் கன்சோலின் கைப்பிடியில் ஒருமுறை முயன்றால் இது புரியும். அதைவிடப் பெரிய காரணம் மாட்கள், அதாவது ஆடுபவர்களே உருவாக்கி இலவசமாகத் தரும் சேர்க்கைகள். அவை கணினியில் மட்டுமே இயங்கும். சிகேஏஎன் என்ற இலவசக் கருவியைக் கொண்டு அவற்றைத் தேடி, உங்கள் பதிப்புக்குப் பொருந்துமா என்று பார்த்து நிறுவலாம். தானே கலத்தை ஓட்டிக் காட்டும் மெக்ஜெப் முதல், உண்மையான சூரியக் குடும்பத்தை உண்மையான அளவிலேயே கொண்டுவரும் ரியல் சோலார் சிஸ்டம் வரை அங்கே கிடைக்கின்றன. விளையாட்டுக் கோப்புறையை முழுவதுமாக நகலெடுத்து, மாட்களை அந்த நகலில் மட்டும் சேருங்கள். எது பழுதானாலும் மூலம் அப்படியே இருக்கும்.

மடிக்கணினியைப் பொறுத்தவரை, கலத்தின் அழகைவிட அதன் உறுப்புகளின் எண்ணிக்கைதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, ஏனெனில் ஒவ்வோர் உறுப்புக்கும் இடையிலான விசைகளைச் செயலி கணக்கிட வேண்டியிருக்கிறது. ஐம்பது, அறுபது உறுப்புகளுக்குள் கட்டிப் பழகினால் என் பழைய மடிக்கணினியிலேயே தடையின்றி ஓடியது. முன் நிலவுக்குப் போய்த் திரும்ப அதற்கும் குறைவான உறுப்புகளே போதும்.

முழுத் தொகுப்பைத் தள்ளுபடியில் பார்த்தால் மனம் சலனப்படும். ஸ்டீம் போன்ற கடைகளில் விரிவாக்கங்கள் தனித்தனியாகவும் அவ்வப்போது தள்ளுபடிக்கு வருகின்றன. அவற்றை விருப்பப் பட்டியலில் சேர்த்துவைத்தால் தள்ளுபடி வரும்போது மின்னஞ்சல் வந்துவிடும். அதற்குள் முன்னில் ஒரு கொடியை நட்டுவிட்டு, அதே வீரரை உயிருடன் கெர்பினுக்குத் திரும்பக் கொண்டுவர முயன்று பாருங்கள். இறங்கும் கலத்தில் திரும்பி வரும் எரிபொருளையும் கணக்கிட்டிருந்தீர்களா என்பது அங்கே நின்ற பிறகுதான் தெரியவரும். போதவில்லையென்றால் அவரை மீட்க இரண்டாவது கலத்தை அனுப்ப வேண்டியிருக்கும். எனக்கு அந்த மீட்புப் பயணமே முதல் தரையிறக்கத்தைவிட அதிகம் நினைவில் நிற்கிறது.