சிறுவர் செய்த சின்னத் தப்புக்கு ஸ்டேஷன் எதற்கு?

(வாசகர் கேள்விகளுக்குச் சிறார் சட்டமும் குழந்தைநலமும் அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள். பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் கேட்டவர்களின் பெயரும் ஊரும் தரப்படவில்லை.)

என் மகனுக்கு 9 வயது. பக்கத்து வீட்டு மேசையிலிருந்து 500 ரூபாயை எடுத்து வந்துவிட்டான். போலீஸுக்குப் போவோம் என்கிறார்கள். இந்த வயதுப் பிள்ளைமீது வழக்குப் போட முடியுமா?

பதறாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 20ஆம் பிரிவுப்படி, 7 வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றம் ஆகாது. 7 வயதுக்கு மேல் 12 வரை 21ஆம் பிரிவு பொருந்தும்: தான் செய்வது என்ன, அதனால் என்ன வரும் என்று புரிந்துகொள்ளும் பக்குவம் பிள்ளைக்கு இல்லையென்றால் அதுவும் குற்றமில்லை. உங்கள் மகன் இந்த இரண்டாவது வரம்பில் வருகிறான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு தண்டனை என்பதால், சிறார் நீதிச் சட்டம் அதைச் சிறு குற்றமாகவே பார்க்கிறது. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கோ சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை இருக்கிறது. அதனால் 500 ரூபாயானாலும் காகிதத்தில் ஒரு படி மேலே போய்விடும். அப்படியே போனாலும் அது கொடுங்குற்றம் (குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம்) அல்ல. பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலொழிய, கொடுங்குற்றம் அல்லாத ஒன்றுக்குப் பிள்ளைமீது எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்பது விதி.

சட்டத்தை விட முக்கியம், இன்று மாலைக்குள் நீங்கள் செய்ய வேண்டியது. "ஏன்டா திருடினே?" என்று தொடங்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பொய்தான் பதிலாக வரும். "இந்தப் பணம் எப்படி உன்கிட்ட வந்தது?" என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பிறகு அவனையே கூட்டிக்கொண்டு போய், அவன் கையால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். செலவழித்துவிட்டால், அவனுக்குத் தரும் கைச்செலவில் வாரம் கொஞ்சமாகப் பிடித்து அடைக்க வையுங்கள். மொத்தத்தையும் நீங்களே கொடுத்துவிட்டால் நஷ்டம் உங்களுடையதாகத்தான் அவனுக்குப் படும். ஒரு மாதத்துக்குள் மறுபடியும் பணம் காணாமல் போனால், பெரிய பையன்கள் யாராவது அவனை மிரட்டிக் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். பல வீடுகளில் இந்தச் சாத்தியம் யாருக்கும் தோன்றுவதே இல்லை.

15 வயது மகனும் நண்பர்களும் விளையாட்டுத்தனமாகக் கல்லெறிந்து ஒரு காரின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் வயதுச் சான்று. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 94ஆம் பிரிவு சொல்லும் வரிசை இது. ஆதார் இந்தப் பட்டியலில் இல்லை. பலர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடி, நேரத்தை இழக்கிறார்கள். சம்பவம் நடந்த நாளில் இருந்த வயதுதான் கணக்கு.

ஸ்டேஷனில், குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும், பிள்ளையிடம் அவர் சீருடையில்லாமல் பேச வேண்டும். பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் அவனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. "மன்னிப்புக் கடிதம்தானே, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொன்னாலும் பிள்ளையைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். இழப்பீடு தருவதாகப் பெற்றோர் கார்க்காரரிடம் எழுதித் தருவது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

இப்படிப்பட்ட விஷயத்தில் போலீஸ் செய்ய வேண்டியது எளியது: பொது நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும், விசாரணைத் தேதியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பையனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பிடித்து வைத்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். சிறு குற்றம் என்றால் விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டும், 2 மாதம் நீட்டலாம். அதற்கும் முடியாவிட்டால் வழக்கே முடிவுக்கு வந்துவிடும். தவறு செய்ததாகத் தெரிந்தாலும் அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற வழிகள் உண்டு. 18ஆம் பிரிவு தரும் இந்த வழிகளில், செய்த தவறோடு தொடர்புள்ள சமூக சேவைதான் இப்படிப்பட்ட பையன்களுக்குப் பொருத்தமானது என்பது எங்கள் கருத்து.

சேதத்தின் மதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 20,000 ரூபாய்க்குக் குறைவென்றால் 6 மாதம் வரையிலான தண்டனைப் பிரிவு, அதற்கு மேல் 1 லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை. இரண்டுமே சிறு குற்றத்துக்குள் அடங்கும். அரசுப் பேருந்துக் கண்ணாடி என்றால் பொதுச் சொத்துச் சேதத்துக்கான தனிச் சட்டம் வரும், நிலைமை கடுமையாகும். அப்போது வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

நான் ஆசிரியை. ஏழாம் வகுப்பு மாணவி சக மாணவியின் கைக்கடிகாரத்தை எடுத்துவிட்டாள். டி.சி. கொடுங்கள், போலீஸில் ஒப்படையுங்கள் என்று சில பெற்றோர் நெருக்குகிறார்கள்.

டி.சி. கொடுத்து வெளியேற்ற முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க வைத்துப் பெயர் சொல்வது இதில் அடங்கும் என்பதை நெருக்கும் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பொருள் காணாமல் போனதும் வகுப்பு முழுவதன் பைகளையும் எல்லார் முன்னிலையிலும் சோதிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கிடைத்த நொடியில் ஒரு பிள்ளைக்குத் "திருடி" என்று பெயர் விழுந்துவிடும், அந்தப் பெயர் பத்தாம் வகுப்புவரை கூட வரும். அதற்குப் பதில், மறுநாள் காலைக்குள் ஆசிரியர் அறையில் வைத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். யாரென்று தெரிந்துவிட்டால் அம்மாவையோ அப்பாவையோ மட்டும் அழைத்துப் பேசுங்கள். கடிகாரத்தைத் திருப்பித் தருவதும், இழந்த பிள்ளையிடம் நேரில் வருத்தம் சொல்வதும் நடக்கட்டும். இழந்த பிள்ளையை மறந்துவிடாதீர்கள். "சின்ன விஷயம், விடு" என்று அவளிடம் சொல்வது அவளுக்கு அநியாயம்.

"போலீஸ் மாமா பிடிச்சிட்டுப் போயிடுவார்" என்று பயமுறுத்தினால் பிள்ளைகள் அடங்கத்தானே செய்கிறார்கள்?

அடங்குகிறார்கள், கூடவே மறைக்கவும் பழகுகிறார்கள். நாளை யாராவது தப்பாகத் தொட்டால், தொலைந்து போனால், பிள்ளை ஓடிப்போய் உதவி கேட்க வேண்டிய ஆளைத்தான் நீங்கள் பூச்சாண்டி ஆக்குகிறீர்கள். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். குறும்பு எல்லை மீறி, தீ வைப்பது, விலங்குகளை வதைப்பது, வீட்டை விட்டு ஓடுவது என்று போனால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

மகனுக்கு 17 வயது. போன ஆண்டு ஓர் அடிதடியில் இளைஞர் நீதிக் குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பியது. அரசு வேலைக்குத் தடையா?

இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. கொடுங்குற்றத்துக்காக 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராகக் கருதி விசாரித்த வழக்குகளுக்கே விலக்கு. விண்ணப்பப் படிவத்தில் வழக்குப் பற்றிய கேள்வி வந்தால் பொய்யாக நிரப்பவும் வேண்டாம், பயந்து விண்ணப்பிக்காமல் விடவும் வேண்டாம். 18 நிரம்புவதற்குள் குழுமத்தின் உத்தரவு நகலை வாங்கி வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவனுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார், நகலோடு போய்ப் பாருங்கள்.