இலங்கை மலையகத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஏன் இத்தனை மாடி, இத்தனை ஜன்னல்?

காரணம் வாட்டுதல். பறித்த கொழுந்தின் ஈரத்தில் ஒரு பகுதியைப் போக்கி, அதைத் துவள வைப்பதுதான் வாட்டுதல். துவளாத கொழுந்தை உருட்டினால் சுருளாது, நொறுங்கிவிடும்.

மழைநாளில் ஈரத்துணியை வீட்டுக்குள் கொடி கட்டி, ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டுக் காயவைப்போமே, அதே கதைதான். மேல்மாடிகளில் தட்டுத்தட்டாகச் சாக்குத்துணி கட்டி, கொழுந்தை மெல்லியதாகப் பரப்பி, பெரிய விசிறிகளால் காற்றை ஓடவிடுவார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகும். உருட்டுவது, புளிக்கவைப்பது, சூட்டில் உலர்த்துவது எல்லாம் கீழே.

அப்புறம், அடியிலிருந்து காற்று ஊதும் நீளத் தொட்டிகள் வந்தன. பழைய தட்டுகளுக்கு வேலை குறைந்தது. விசாலமான, வெளிச்சமான மாடிகளைச் சும்மா விடுவானேன்? கந்தப்பளையின் ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. கொழுந்து வாடிய மாடிகளில் இப்போது படுக்கையறைகள். பழைய எஞ்சினையும் விசிறிகளையும் நல்லவேளையாக எடுத்துவிடவில்லை. கண்டிக்கு மேலே, ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பலர் நினைப்பதுபோல், கந்தப்பளை ஹோட்டலின் ஜன்னல் வரிசை விருந்தினர் மலையை ரசிப்பதற்காக வைத்ததல்ல. கொழுந்துக்குக் காற்று வருவதற்காக வைத்தது.