பத்து எண்ணும் வரை பொறுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மாற்றுத்திறன் பிள்ளைகளை வளர்ப்பவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் சில.

மூன்று வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். எவ்வளவு பேசினாலும் பதிலே இல்லை. காது கேட்கிறதா?

முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். ஊகத்தில் விடக் கூடாது. கேட்கிறது என்றால், பெரும்பாலும் நம் அவசரம்தான் காரணம். இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்டதை உள்வாங்கி உடம்பை அசைக்க நேரம் பிடிக்கும். "தம்பி, பால் வேணுமா?" என்று ஒரே முறை கேளுங்கள். அப்புறம் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். சுலபமில்லை, நானே நான்கில் வாயைத் திறந்துவிடுவேன். உதைத்துக்கொண்டிருந்த கால் சட்டென்று நிற்கும், மூச்சு மாறும், மடங்கிய சுண்டுவிரல் விரியும். அதுதான் பதில். பார்த்ததும் "வேணுமா, சரி" என்று பாலை எடுங்கள். தான் கேட்டால் நடக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரியும்.

பேசினால் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிடிக்கவில்லையோ?

அப்படி முடிவு கட்டாதீர்கள். சில பிள்ளைகளால் பார்ப்பதையும் கேட்பதையும் ஒன்றாகச் செய்ய முடியாது. காதைக் கொடுக்கவே கண்ணைத் திருப்புவார்கள். தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம்.

விடிவதற்குள் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) போய்விடுகிறோம். பேரனைப் பாட்டிதான் பார்க்கிறார். என்ன விளையாட்டு வாங்கலாம்?

எதுவும் வாங்காதீர்கள். பேரன் "ம்ம்" என்றால் பாட்டியும் "ம்ம்". அவன் பாயைத் தட்டினால் பாட்டியும் தட்டட்டும், நிறுத்தட்டும், காத்திருக்கட்டும். 1980களில் இங்கிலாந்து ஆசிரியர்கள் இதை ஒரு முறையாகவே வளர்த்து 'இன்டென்சிவ் இன்டராக்‌ஷன்' என்று பெயர் வைத்தார்கள். பாட்டிக்குப் பெயர் தேவையில்லை, கைக்குழந்தைகளிடம் செய்ததுதான். இன்னொன்று: தண்ணீர் ஊற்றும் முன் தினமும் அதே குவளையை அவன் கையில் தொடவிடுங்கள். குளியல் திடுக்கிடலாக வராது.

ஊட்டும்போது இருமுகிறான். தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டலாமா?

கூடவே கூடாது, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். நிமிர்த்தி உட்காரவைத்து, நேரெதிரே அமர்ந்து, சிறு கரண்டியால் ஊட்டுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். இருமாமலேயே மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதும் உண்டு. அடிக்கடி நெஞ்சுச் சளி, காய்ச்சல் என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிடிகேவுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையம்) அனுப்பினால் லயத்தில், அக்கம்பக்கத் தோட்ட வீடுகளில், பேசுவார்களே?

பேசுவார்கள், இரண்டு வாரம். 1984இல் திரங்கானு மாநிலத்தில் ஒரு கம்பத்தில் (மலாய்க் கிராமம்) தொடங்கிய ஏற்பாடு இது. கம்பத்துக்காரர்களும் அப்போது பேசியிருப்பார்கள். சமூகநல இலாகாவில் ஓகேயு கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) பதிந்துவிட்டு அழைத்துப் போங்கள். முதல் நாள் பாட்டியும் போகட்டும். அந்த "ம்ம்" எப்போது 'போதும்', எப்போது 'இன்னும்' என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்ல அவரால்தான் முடியும்.