ராத்திரி ஜெனரேட்டர்: சுவர் எழுப்புவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீடு. மாமியாருக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. ராத்திரி கரண்ட் போனால் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை போர்டிகோவில் வைத்து ஓட்டுகிறோம். பத்தடி தள்ளி பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னல். அவர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். ஒரு மாந்தோப்பு விற்ற விஷயத்தில் எங்கள் மேல் அவருக்கு முன்விரோதம். ஜெனரேட்டரைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஷீட் போட்டுவிடலாமா? பொய்ப் புகார் என்று அவர் மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: மாந்தோப்பை விட்டுவிடுங்கள் அம்மா. அவர் பகையில் கொடுத்தாரா, தூக்கம் கெட்டுக் கொடுத்தாரா என்று யாரும் ஆராயப்போவதில்லை. மாமியாரின் உடல்நிலையை, சிவில் வழக்கு என்று வந்தால், நீதிபதி மனதில் கொள்வார். ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில், வீட்டில் நோயாளி இருப்பதற்காக ஜெனரேட்டருக்குத் தனி விலக்கு கிடையாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அவர் பக்கம் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதுதான் உங்கள் கேஸ்.

குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45. அதைவிட 10 கூடினாலே புகார் எடுபடும். 86 டெசிபலுக்கு உட்பட்ட மெஷின் என்று ஸ்டிக்கரைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது தயாரிப்பாளருக்கு வைத்த வரம்பு, ராத்திரி ஓட்டுவதற்கு உங்களுக்குக் கொடுத்த அனுமதி இல்லை. அப்படிப்பட்ட மெஷின் முழுச் சத்தத்தில் ஓடினால் பத்தடி தூரத்தில் சுமார் 68 வரும். அளந்தால் தோற்பீர்கள். பொய்ப் புகார் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

இப்போது அந்தச் சுவர். தயவுசெய்து கட்டாதீர்கள். சத்தத்தை அடக்குகிறேன் என்று கிளம்பி அதைவிடப் பெரிய வழக்கில் மாட்டிக்கொண்ட கட்சிக்காரர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. போர்டிகோவில் நாலு பக்கமும் அடைத்து ஷீட் போட்டால் அது கதவிடுக்கு வழியாக நேரே உங்கள் ஹாலுக்குத்தான் வரும், அங்கே படுத்திருப்பது ஏற்கெனவே மூச்சுக்குக் கஷ்டப்படுகிற ஒரு வயதானவர், போதாக்குறைக்கு அந்தக் கான்சன்ட்ரேட்டர் அதே அறைக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. யாருக்காவது உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) பிரிவு 106(1), கவனக்குறைவால் மரணம், 5 ஆண்டு வரை சிறை. புகைக்குழாயை அவர் பக்கம் திருப்பிவிட்டாலோ, சத்தப் புகார் புகைப் புகாராக மாறும். அப்புறம், வீட்டைச் சுற்றிப் பிளான்படி விட வேண்டிய காலியிடத்தில் கட்டினால் அது அனுமதியில்லாத கட்டடம், அதற்குத் தனி நோட்டீஸ் வரும். கையில் ஒரு புகாரை வைத்திருக்கிறவருக்கு நீங்களே இன்னும் இரண்டைக் கட்டிக் கொடுக்கிறீர்கள்.

சமாதானமாகப் போங்கள். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தருகிற கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட்தான் இழுக்கும் (உங்கள் மெஷினின் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்). சைன் வேவ் இன்வெர்ட்டரும் ஒரு 150 ஏஹெச் பேட்டரியும் இருந்தால் மூன்று மணி நேரம் தாங்கும், சத்தமே இல்லை, ஜெனரேட்டரைப் போல இருட்டில் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். அதற்கு மேல் கரண்ட் வராத நாளுக்கு ஜெனரேட்டரைப் பின்பக்கம் திறந்த வெளியில், இரண்டு வீட்டு ஜன்னலுக்கும் எட்டத்தில் வையுங்கள், காலுக்கடியில் ரப்பர் கொடுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். கோர்ட்டுக்கு அலைந்து செலவழிக்கிற பணத்தை இதில் போடுங்கள், மாமியாருக்கும் அதுதான் பாதுகாப்பு.

கடைசியாக, ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற கடிதம். பெரும்பாலானோர் வழுக்குவது இங்கேதான். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா" என்பார்கள், நீங்களும் அவசரத்தில் "இனி ஜெனரேட்டர் இயக்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போடுவீர்கள். அடுத்த மாதம் பேட்டரி தீர்ந்து இருபது நிமிடம் ஓட்டினாலும் வாக்கை மீறியதாக ஆகிவிடும். அந்தக் கடிதத்தை மேலே வைத்து, அமைதிக்குப் பங்கம் என்று பிணைப் பத்திரத்துக்கு (இனி அமைதி காப்பேன் என்று உறுதி எழுதித் தருவது) அனுப்பினால், பத்திரத்தை மீறுகிறவருக்கு அதன் காலம் முடியும் வரை சிறை என்பது சட்டம். அதனால் இப்படி எழுதுங்கள்: இரவு 10 மணிக்கு மேல் இன்வெர்ட்டர், மருத்துவக் கருவிக்குப் பேட்டரி தீர்ந்தால் மட்டும் பின்பக்கத்தில் ஜெனரேட்டர். பக்கத்து வீட்டுக்காரரும் அதிலேயே கையெழுத்துப் போடட்டும். டாக்டர் சீட்டின் நகலை இணைத்துக் கொடுங்கள், கடிதத்தின் நகல் கையில் வராமல் ஸ்டேஷனை விட்டு இறங்காதீர்கள்.