மைன்கிராஃப்ட் வில்: குறி ஏன் தப்புது?

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டுல வில் விடுறதைப் பத்தி சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைங்க கேட்டதுக்கு ஒரே இடத்துல பதில். எண்கள் கணினியில ஆடுற ஜாவா பதிப்புக்கு. கைப்பேசியில ஆடுறவங்க இதை வச்சு ஆரம்பிச்சு, சோதிச்சுப் பார்த்துத் திருத்திக்கோங்க.

கேள்வி: அண்ணே, நெஞ்சுக்கு நேரா விட்டாலும் அம்பு ஸோம்பி (நடமாடுற பிணம்) காலடியில விழுதே?

பதில்: பாதி இழுப்புல விடுற தம்பி. நாண் முழுசா வர 1 விநாடி ஆகும். அரை விநாடியில விட்டா பாதி வேகம் கிடைக்கும்னு நினைக்காத, கிடைக்கிறது 42 விழுக்காடுதான். 20 பிளாக் (விளையாட்டு உலகத்தோட ஒரு கட்டம்தான் 1 பிளாக்) தூரத்துல முழு இழுப்பு அம்பு 1 பிளாக் இறங்கும், அரை விநாடி அம்பு கிட்டத்தட்ட 7 இறங்கும். இழுக்கும்போது திரை மெல்ல உள்ளே நெருங்கி வருதே, அது நின்ன பிறகு விரலை எடு.

கேள்வி: தூரமா இருந்தா எவ்வளவு மேலே பிடிக்கணும்?

பதில்: 10 பிளாக் வரைக்கும் நேராவே விடு. 30-ல 2.5, 40-ல 4.5 பிளாக் இறங்கும். ஸோம்பி உயரம் ஏறக்குறைய 2 பிளாக், அதுவே உனக்கு அளவுகோல். சமதரையில 20-ல தலை உச்சியைப் பிடிச்சா நெஞ்சுல தைக்கும். 30-ல தலைக்கு மேல ஒன்றரை, 40-ல மூன்றரை பிளாக் தள்ளிப் பிடி.

கேள்வி: ஓடுற ஆளை அடிக்கவே முடியல அண்ணே.

பதில்: வேகமா ஓடுறவன் விநாடிக்கு 5.6 பிளாக் போவான். 20 பிளாக் கடக்க அம்புக்கு 0.35 விநாடி. குறுக்கே ஓடினா 2 பிளாக் முன்னாடி, 30-ல 3 பிளாக் முன்னாடி விடு. நீயும் ஓடிக்கிட்டோ குதிச்சுக்கிட்டோ விடாத, உன் அசைவும் அம்போட சேர்ந்துடும்.

கேள்வி: தனியா எப்படிப் பழகுறது?

பதில்: இதுக்குத்தான் டார்கெட் பிளாக், அதாவது அம்பு பட்ட இடத்தைக் காட்டுற குறிக்கட்டை இருக்கு தங்கச்சி, எல்லாரும் ஒண்ணாவது வைக்கணும். பொருள் செய்யுற மேசைக் கட்டத்துல நடுவுல 1 வைக்கோல் கட்டு, மேல் கீழ் இடம் வலம் 4 ரெட்ஸ்டோன் தூள் (மின்கம்பி மாதிரி சமிக்ஞை கடத்துற சிவப்புத் தூள்). செஞ்சு நட்டு, பக்கத்துலேர்ந்து 15 தூளை ஒரே வரிசையா போடு. நட்டநடுவுல தைச்சா 15-ம் ஒளிரும். விலக விலகக் குறையும். ஒளி 1 விநாடிதான் நிக்கும், உடனே எண்ணு. 10, 20, 30 பிளாக்ல தரையில ஒவ்வொரு தீப்பந்தம் நட்டுக்கோ, அப்போதான் தூரம் கண்ணுக்குப் படியும்.

கேள்வி: தண்ணிக்குள்ள இருக்கிறதை அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணியில அம்பு உடனே வேகம் இழந்துடும். எண்டர்மேன்ங்கிற உயரமான கறுப்பு உருவம் மேலயும் விடாத, பட்டதும் வேற இடத்துக்கு மறைஞ்சிடும், அதுக்கு வாள்தான்.